கிணறும் மூட்டையும்

1

ஊரை விட்டு ஓடி வருகிற தாயை எழுத நம்மிடம் ஒரு வடிவம் இல்லை. தாயைப் பற்றி நாம் கொஞ்சமாக எழுதவில்லை, எழுதிக் குவித்திருக்கிறோம். ஆனால் குவித்ததையெல்லாம் கிளறிப் பார்த்தால் அவள் மூன்று இடங்களில்தான் நிற்கிறாள்.

முதல் இடம் வாசல். அகப்பாட்டில் பாலையில் நடப்பவள் மகள். தாய் வீட்டில் இருக்கிறாள். மகள் விளையாடிய பாவையும், அவள் நீர் ஊற்றிய செடியும், வெறிச்சோடிய முற்றமுமே தாய்க்கு மிச்சம். ஐங்குறுநூற்றில் மகளைப் போகவிட்ட தாயின் இரங்கலுக்கென்றே ஒரு பத்து இருக்கிறது, பாடியவர் ஓதலாந்தையார். செவிலி சிறிது தூரம் தேடிப் போவதுண்டு. அவளும் எதிரே வருகிறவர்களிடம் விசாரித்து, அவர்கள் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறாள். பாலை இளையவர்களுக்கு உரிய நிலம். தாய்க்கு அங்கே வழி கிடையாது.

இரண்டாவது இடம் போர்க்களத்தின் ஓரம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் இருக்கிற ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாய், மகன் புறமுதுகு காட்டினான் என்ற பேச்சைக் கேட்டுக் களத்துக்கே போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்து, அவன் அப்படிச் சாகவில்லை என்று கண்டு மகிழ்கிறாள். போனாலும், பெருமையோடு திரும்பி வருவதற்காகப் போகிறவள் அவள். பிள்ளையை இழுத்துக்கொண்டு களத்திலிருந்து எதிர்த்திசையில் ஓடுகிற தாயைப் புறத்திணை அறியாது. அறிந்திருந்தால் அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கும் என்று யோசிக்கவும் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது.

மூன்றாவது இடம் கிணறு. புலவர்கள் விட்டதை நாட்டார் பாடகர்கள் எடுத்துக்கொண்டார்கள். நல்லதங்காளைக் கொடுமைக்கார அண்ணியின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். வேறு கண்ணோடு பார்த்தால் தமிழில் உள்ள முதல் அகதித் தாயின் கதை அதுதான். புகுந்த ஊரில் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அண்ணன் நல்லதம்பி இருக்கிறான் என்று பிறந்த ஊருக்கு வருகிறாள். கதவைத் திறந்து இடம் தரவேண்டிய இடத்தில் மூளி அலங்காரி நிற்கிறாள். புகலிடம் கேட்டு வந்தவளுக்குப் புகலிடம் மறுக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கிணறு, கடைசியில் அவளும். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இடம் கொடுக்காத ஊர், செத்த பிறகு இடம் கொடுத்தது.

வாசல், களம், கிணறு. இந்த மூன்றிலும் அகப்படாதவள் ஒருத்தி இருக்கிறாள். மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பியவள், கிளம்பியதோடு நிற்காமல் மறுகரையில் உலை வைத்தவள், சாகாமல் கிழவியானவள். அவளைத்தான் நாம் எழுதவில்லை என்கிறேன்.

2

கிணறு நவீன இலக்கியத்திலும் தொடர்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் மாடாக உழைத்த நம் பெண்களைப் பற்றிப் பாரதி ஒரு பாட்டு எழுதினார். முக்கூடலுக்கு அதிக தூரமில்லாத கடையத்தில் சில வருஷங்கள் இருந்தவர். இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் கப்பலேறிப் போவதை அறியாதவரல்ல. அந்தப் பாட்டில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒரு சிறிய விஷயம். அந்தப் பெண்கள் அழுது சொன்ன சொல் எது என்று கவி காற்றிடம் கேட்கிறார். அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதைப் பாட்டே ஒப்புக்கொள்கிறது. அவர்கள் குரலைத் தன் குரலாக ஆக்கிக்கொள்ள அவர் முயலவில்லை. இந்த நேர்மை பின்னால் வந்தவர்களிடம் குறைந்துகொண்டே போயிற்று.

புதுமைப்பித்தன் அந்தப் பாட்டிலிருந்தே தலைப்பை எடுத்துத் ‘துன்பக்கேணி’யை எழுதினார். 1935-ல் மணிக்கொடியில் வந்தது. நம் ஜில்லாக் கிராமமொன்றில் ஆரம்பிக்கிறது கதை. மருதி கங்காணியின் பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள், வெள்ளைக்காரனின் இச்சைக்கு ஆளாகிறாள், நோயை வாங்கிக்கொள்கிறாள். மகள் வெள்ளச்சியின் தலைமுறையிலும் அந்தத் தோட்டம் விடுவதாயில்லை. பண்ணையாரின் வீட்டுத் திண்ணையிலிருந்து தேயிலைத் தோட்டம் வரை ஒரே சங்கிலியாக நீளுவதை இவ்வளவு கறாராக அன்று வேறு யாரும் தமிழில் காட்டவில்லை. தாய் என்றதும் குரல் தழுதழுக்கிற வழக்கம் புதுமைப்பித்தனிடம் இல்லை. அது பெரிய விஷயம்.

என்றாலும் மருதிக்கு நடக்கிறதே தவிர, மருதி நடத்துவது குறைவு. கங்காணி தீர்மானிக்கிறான், துரை தீர்மானிக்கிறான், நோய் தீர்மானிக்கிறது. கேணி என்ற படிமத்தின் இயல்பே அதுதான். கேணிக்குள் விழலாம், மூழ்கலாம், அங்கிருந்து குரல் கொடுக்கலாம். கேணிக்குள் ஒருத்தி குடித்தனம் நடத்தினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்து லயத்தில் லட்சக்கணக்கான பெண்கள் குடித்தனம்தான் நடத்தினார்கள். சீட்டுப் பிடித்தார்கள், மாரியம்மனுக்குக் கொடை எடுத்தார்கள், பிள்ளைக்குப் பெண் பார்த்தார்கள், பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தார்கள். துன்பம் என்ற ஒரே சாயத்தில் முக்கி எடுத்தால் இவை எல்லாம் கரைந்துபோகின்றன. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964-ல் வந்த பிறகுதான் தோட்டத்துப் பெண்ணின் தினசரி ஒரு நாவலுக்குள் நுழைகிறது. விமர்சகர்கள் அதை ஆவணம் என்று தட்டிக்கொடுத்து நகர்ந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் அன்றாடம் எழுதப்பட்டால் அது ஆவணம்; அவள் கிணற்றில் விழுந்தால்தான் கலை. இந்த மதிப்பீடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

3

அதே 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948-லேயே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. இப்போது 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000. பத்து வருஷம் கழித்து 1974-ல் அதையும் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; இங்கே யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய இந்த ஜனங்களுக்கு நம் அரசாங்கம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. 1969-ல் அவர்களுக்காக ஏற்பட்ட வங்கியின் தமிழ்ப் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இறங்கியவளின் தாய் நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்தவள். அங்கேயே ஒரு தேயிலைச் செடியின் அடியில் புதைக்கப்பட்டவள். பாட்டிக்குப் பாட்டிதான் இந்தப் பக்கத்துக்காரி. திரும்பியவள் தான் ஒருபோதும் இல்லாத இடத்துக்குத் ‘திரும்பினாள்’. தாய் புதைந்த இடத்தை விட்டுத் ‘தாயகம்’ வந்தாள். ஸ்தூலமான தாய் ஒருத்தி மூட்டையோடு கரையில் நிற்க, தாய் என்ற சொல்லை நாடு பறித்துக்கொண்டது.

இது தமிழில் அடிக்கடி நடக்கிற திருட்டு. தாய்நாடு, தாய்மொழி, தாய்மண் என்று நாம் பேசப் பேச, தாய்க்கு என்று ஒரு சொல் மிஞ்சாமல் போகிறது. 1980களின் ஈழத்திலும் இதைப் பார்க்கலாம். 1984-ல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை விடச் சொல்லி அம்மாக்கள் தெருவுக்கு வந்தார்கள். அது ஸ்தூலமான காரியம்: பெயர், தேதி, எந்த முகாம், எந்த அதிகாரி. 1988 மார்ச் 19-ல் மட்டக்களப்பில் பூபதி இந்திய ராணுவம் போரை நிறுத்த வேண்டும் என்று உண்ணாவிரதம் தொடங்கி ஏப்ரல் 19-ல் இறந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். அவர் இறந்த கணத்திலிருந்தே அன்னை பூபதி என்ற சிலை எழும்ப ஆரம்பித்துவிட்டது. அவரைப் பற்றி வந்த கவிதைகளில் தீபம் இருக்கிறது, வேள்வி இருக்கிறது. வீட்டில் விட்டு வந்த பத்துப் பேருக்கு யார் சமைத்தார்கள் என்பது இல்லை. இது அவரைக் குறைத்துச் சொல்வதாகாது. அவர் விட்டுக்கொடுத்தது என்ன என்று தெரிந்தால்தானே அவர் செய்ததன் எடை தெரியும்?

1986-ல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு இந்தச் சிலை வடிப்புக்கு எதிரான முதல் காரியம். அதன் தலைப்பில் உள்ள ‘சொல்லாத’ என்பதை நம்மில் பலர் இன்னும் கவனித்துப் படிக்கவில்லை. கேணியிலிருந்து வந்த குரல் எது என்று பாரதி காற்றிடம் கேட்டதற்கு, பல வருஷங்கள் கழித்து ஒரு பகுதி பதில் வந்தது. அதையும் நாம் ‘பெண் கவிதை’ என்று தனி அலமாரியில் வைத்துவிட்டோம்.

4

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் இலங்கை அகதி முகாம்கள் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். அவற்றில் ஒன்றில் ஒரு அம்மாள் இருந்தார், மன்னார்ப் பக்கம். 1990-ல் போர் மறுபடி மூண்டபோது மூன்று பிள்ளைகளோடு படகில் வந்தவர். மண்டபம் முகாமில் பதிவு, பிறகு இங்கே. தகரக் கூரை போட்ட ஓர் அறை, வரிசையில் நின்று பேர் கொடுக்கும் கணக்கெடுப்பு நாள், உதவித்தொகை. பீடி சுற்றக் கற்றுக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண்களைப் போலவே சுளகை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டே பேசுவார். பல நாள் போய்க் கேட்டேன். கேட்டதை ஒரு சிறுகதையாக எழுதினேன். ஒரு பத்திரிகையில் வந்தது. நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் கடிதம் எழுதினார்கள். அந்தக் கர்வத்தோடு கொண்டுபோய் அவருக்கே படித்துக் காட்டினேன்.

கதையில் கடற்கரை இருந்தது, நிலா இருந்தது. மாமியார்க் கிழவி வழியிலேயே மருமகள் மடியில் தலை வைத்து இறந்துபோகிறாள். மருமகள் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு படகேறுகிறாள். முடிவில் ஒரு சொட்டுக் கண்ணீர் கடலில் விழுகிறது.

அவர் கடைசி வரை கேட்டார். கை நிற்கவில்லை. பிறகு சொன்னார்: “நல்லா எழுதியிருக்கிறீங்கள், தம்பி. ஆனா இதில நான் ஒரே அழுதுகொண்டிருக்கிறனே. எனக்கு அழ எங்க தம்பி நேரம் இருந்தது?”

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. “மாமி வழியில சாகேல்லயே. படகில இடம் காணாது எண்டிட்டாங்கள். நாலு பேருக்குத்தான் காசு இருந்தது. நான்தான் அவவைத் தங்கச்சி வீட்டில விட்டிட்டு வந்தனான். அதுக்குப் பிறகு பத்து வருசம் இருந்துதான் செத்தவ. தோட்டை வித்த கதையை ஏன் விட்டனீங்கள்? மூத்தவன்ர வயசை ரெண்டு வருசம் குறைச்சுப் பதிஞ்சனே, அது எங்க?”

ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியும். தோட்டை விற்றதில் பேரம் இருந்தது. படகுக்காரனிடம் பத்து நிமிஷம் சண்டை போட்டிருக்கிறார். வயதைக் குறைத்தது பொய். மாமியாரை விட்டுவிட்டு வந்தது பாவம். மூன்றும் என் ‘தாய்’ப் படிமத்துக்கு உதவாது. எனவே பேரத்தையும் பொய்யையும் வெட்டினேன், மாமியாரைக் கொன்றேன். ஒரு கிழவியைக் கதைக்காகக் கொல்வது நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் அந்த மூன்றும்தான் அவர் செய்தவை. யாரைக் கூட்டிப் போவது, யாரை விடுவது, எதை விற்பது, எந்த அதிகாரியிடம் என்ன சொல்வது என்று ஒரே ராத்திரியில் தீர்மானித்தவர் அவர். அந்தத் தீர்மானங்களை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு விதி என்றும் சோகம் என்றும் பெயர் வைத்தேன். புதுமைப்பித்தனைக் குறை சொல்ல எனக்கு வாய் வந்தது. அவர் மருதியிடம் கண்ணீரையாவது கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என் தாயும் பீடி சுற்றியவள். கடைக்காரர் கழித்துப் போட்ட பீடியைக் கணக்குக் கேட்டு வாங்கிவருவாள். இலை நிறுத்துப் போடுகிறவனோடு தராசு முள்ளைக் காட்டிச் சண்டை பிடிப்பாள். அவளைப் பற்றி நான் எழுதிய கவிதையில் அவள் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். தராசு முள் இல்லை. என் பொய் முகாமில் ஆரம்பித்ததல்ல.

5

அகதித் தாயின் கதையில் வழக்கமாக வருகிற இன்னொரு சாயம் பக்தி. எல்லாம் போன பிறகும் நம்பிக்கை போகவில்லை, அதுவே அவளைத் தாங்கிற்று என்று முடிப்பது. நம்பிக்கை ஏதோ தலைவலித் தைலம் என்பதுபோல. நான் பார்த்த நம்பிக்கை அப்படி இல்லை.

அந்த அம்மாள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர். அந்த மாதாவின் கதையே ஓர் ஓட்டத்தின் கதை. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670-ல், மாந்தையிலிருந்த சிலையை எடுத்துக்கொண்டு மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் மருதமடு என்று வழங்கிவருகிறது. பின்னால் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோயில் வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அங்கேயும் குண்டு விழுந்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை வாசலுக்கு வந்தபோது குருமார் சிலையையே எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மாதா மறுபடியும் அகதி ஆனாள்.

வியட்நாமியர் லா வாங் மாதாவைச் சொல்வதும் இதே ஜாதிக் கதைதான். 1798-ல் துன்புறுத்தலுக்கு அஞ்சிக் குவாங் திரிக் காட்டில் ஒளிந்தவர்களுக்குக் கையில் குழந்தையோடு தோன்றி, எந்த இலையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று சொன்னாளாம். எனக்கு அந்த இலைதான் பிடிக்கிறது. மோட்சத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் கஷாயம். 1972-ல் போர் அந்தக் கோயிலையும் இடித்தது. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்த பின் கடலில் இறங்கிய ஜனங்களில் பலர் அவளைக் கூட எடுத்துப்போய், போன ஊர்களில் கோயில் கட்டினார்கள். அடுத்த இருபது வருஷத்தில் படகில் கரை சேர்ந்தவர்களே ஏறக்குறைய எட்டு லட்சம், சேராதவர்களுக்குக் கணக்கில்லை.

முகாம் அம்மாளிடம் கேட்டேன், மாதாதான் உங்களைத் தாங்கினாளா என்று. “மூண்டு வருசம் நான் அவவோட கதைக்கேல்ல” என்றார். கணவனைக் காப்பாற்றச் சொல்லி நேர்த்தி வைத்திருக்கிறார், கணவன் வரவில்லை. ஜெபமாலையை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார். பிறகு எப்படி மறுபடி எடுத்தீர்கள் என்றேன். “பிறகென்ன? அவவும் ஓடித் திரிஞ்சவதானே. அவவோட எத்தினை நாளைக்குக் கோவிக்கிறது?”

இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? இது ஓர் உறவு. பேச்சு நின்று, மறுபடி தொடங்குகிற உறவு. இந்தப் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய முக்கூடற்பள்ளில் (அந்த முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம்; பீடி சுற்றுகிற எங்கள் முக்கூடல் வேறு) மூத்த பள்ளி பெருமாளுக்கும், மருதூரிலிருந்து வந்த இளைய பள்ளி சிவனுக்கும் வக்கீலாக நின்று ஏசிக்கொள்கிறார்கள். ஒருத்தி மற்றவள் கடவுளை இழுத்துத் தெருவில் போடுகிறாள். கடைசியில் சமாதானமாகிறார்கள். தெய்வத்தை வீட்டு ஆளாக நினைக்கிறவளுக்குத்தான் தெய்வத்தோடு சண்டை போட முடியும். பள்ளு எழுதியவனுக்குத் தெரிந்த இந்த விஷயம் நவீன எழுத்தாளனுக்கு மறந்துவிட்டது. அவன் தாயின் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து மண்டியிட வைத்துவிடுகிறான். பகுத்தறிவுக்காரனாக இருந்தால் மெழுகுவர்த்தியைப் பிடுங்கி எறிகிறான். இரண்டு பேருக்குமே அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

6

அகதிக் கதைக்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது. அது மனு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்சில் தஞ்சம் கேட்கிறவனின் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. அது வெறும் உத்தி இல்லை. உனக்கு என்ன கொடுமை நடந்தது, தேதியோடு சொல், நம்பும்படி சொல் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி கேட்கிறான். பொய்யும் மெய்யும் அந்த மேஜையில் கலந்துபோவதை ஷோபாசக்தி பார்த்தார். இலக்கிய வாசகனும் அந்த அதிகாரி மாதிரியே உட்கார்ந்திருக்கிறான் என்பது அந்த நாவல் நமக்கு வைத்த பொறி. போதுமான அளவு துன்பம் காட்டினால் அனுமதி. காட்டாவிட்டால் கோப்பு மூடப்படும். என் கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதிய நாலு பேரும் முத்திரை குத்தியவர்கள்தான்.

நம் நாட்டில் அந்த மேஜைகூட இல்லை. 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்று ஒருவரை வரையறுக்கிற தனிச்சட்டமும் இங்கே கிடையாது. இங்கே அவளிடம் யாரும் கதை கேட்பதில்லை, தலையை மட்டும் எண்ணுகிறார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. ஆகவே முகாமில் பிறந்து, முகாமில் படித்து, முகாமில் கல்யாணம் செய்த மகளும் அகதி. அவள் பிள்ளையும் அகதி. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021-ல் தமிழக அரசு ‘அகதி முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வீடுகள் கட்டித் தந்தது. வீடு நல்ல காரியம். ஆனால் கதியற்றவர் என்கிற சொல்லை எடுத்துவிட்டதால் மட்டும் கதி வந்துவிடாது.

தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ (2007) இந்த எண்ணிக்கைக்கு உள்ளிருந்து எழுதப்பட்ட புத்தகம். அலங்காரம் இல்லை, வரிசை, பதிவு, வாடகைக்கூலி வேலை, போலீஸ். நம் விமர்சகர்கள் அதன் மொழி பண்படவில்லை என்று சொல்லக்கூடும். பண்பட்ட மொழியில் நான் ஒரு கிழவியைக் கொன்றிருக்கிறேன் என்பதால் எனக்கு அதைச் சொல்ல யோக்யதை இல்லை.

வியட்நாமியரிடம் இரண்டு உதாரணங்கள். லெ லி ஹேஸ்லிப் 1989-ல் வெளியிட்ட சுயசரிதையில் (ஜே வர்ட்ஸ் துணையோடு எழுதியது) கறுப்புச் சந்தையில் விற்றதையும், பிள்ளையைக் காப்பாற்றச் செய்தவற்றையும் ஒளிக்கவில்லை. தா நாங் பக்கத்துக் குடியானவப் பெண். இரண்டு தரப்பாராலும் துரோகி என்று அடிக்கப்பட்டவள். மன்னிப்புக் கேட்கிற தோரணையும் இல்லை, தியாகி என்ற தோரணையும் இல்லை, கணக்கு ஒப்பிக்கிறாள். மற்றது ஓஷன் வுவாங்கின் 2019-ஆம் வருஷத்து நாவல். நகப்பூச்சுக் கடையில் வேலை செய்கிற, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தாய்க்கு மகன் எழுதும் கடிதமாக அது அமைந்திருக்கிறது. அவள் படிக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். மொழியின் அழகு சில இடங்களில் திகட்டினாலும், நான் உன்னைப் பற்றி எழுதுவது உன்னை எட்டாது என்ற ஒப்புதல் வரிக்கு வரி இருக்கிறது. பாரதி காற்றிடம் கேட்டதற்கு இது உறவு.

ஒன்று, அவளே கணக்குச் சொல்வது. அல்லது, அவள் கணக்கு என்னிடம் இல்லை என்று எழுதுகிறவன் ஒப்புக்கொள்வது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது நேர்மை எனக்குத் தென்படவில்லை.

7

அகதித் தாயின் மனவுறுதி என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பாராட்டைச் சந்தேகப்பட வேண்டும். பொறுமைக்குப் பூமாதேவி என்று முன்பு சொன்னதைத்தான் இப்போது வேறு சொல்லில் சொல்கிறோம். எதையும் தாங்குவாள் என்று ஒருத்தியைப் புகழ்ந்துவிட்டால் அவள் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். முப்பது வருஷத்துக்கும் மேலாக முகாமில் ஒரு தலைமுறையை நிறுத்திவைத்த அரசுகளுக்கு அந்தத் தலைமுறையின் தாய்மார் உறுதியானவர்கள் என்பது மிகவும் வசதியான செய்தி. அதை நாம் கவிதையாகவும் எழுதிக் கொடுத்தால் இன்னும் வசதி.

அவள் செய்ததற்குப் பெயர் தாங்குவது இல்லை, தீர்மானிப்பது. தீர்மானம் என்றால் தவறும் இருக்கும், பொய்யும் இருக்கும், கைவிடப்பட்ட ஒரு கிழவியும் இருப்பாள். அவை எல்லாம் உள்ளே வருகிற ஒரு வடிவம் நமக்கு வேண்டும். அதற்கு வாசலும் களமும் கிணறும் போதாது. மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்தாள், எதை விட்டாள், எதைப் பாதி வழியில் விற்றாள் என்ற பட்டியலிலிருந்து தொடங்குகிற உரைநடை வேண்டும். பட்டியல் கலை ஆகாது என்பவர்கள், முற்றத்தில் கிடந்த பாவையையும் வாடிய செடியையும் சங்கக் கவி எண்ணிக் காட்டியதை மறந்தவர்கள்.

அந்தக் கதையைத் திருத்தி மறுபடி எழுதட்டுமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். கட்டிய பீடியைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. “எழுதுங்கோ. ஆனா மாமியைச் சாக்காட்டாதீங்கோ” என்றார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பேத்தியின் குடியுரிமைக்கான மனு. ஆங்கிலத்தில் நாலு இடம் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை நிரப்பினேன். இந்த வருஷங்களில் நான் எழுதியவற்றில் அவரைப் பற்றிப் பொய் இல்லாத எழுத்து அது ஒன்றுதான்.

கதையை இன்னும் எழுதவில்லை.